பேசினுக்குள் ஒரு பேசின்

இந்த உலகத்தில் இனிமேல் நடக்கப்போகிற கெடுதல்கள் அத்தனையையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பழுதர்தான். அவற்றில் முக்கால்வாசி இன்னும் நடக்கவில்லையே என்று கேட்டால், “நடக்க விடாமல் ஆர் பாத்தது?” என்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அலுவலகச் சம்பளப் பட்டியலில் இருந்தது, வேறெங்கும் இல்லை. எதைக் கண்டாலும் “பழுதாப் போயிடும், ஐசே” என்பதால் பழுதர். குடையை விரித்தால் பழுதாகும், விரிக்காமல் வைத்தாலும் பழுதாகும். அலுவலகத்தில் மூத்த கிளாக்கர், ஐம்பது வயது, கலியாணம் இல்லை. அதற்கும் அதே காரணம்தான் என்று பியோன் சொல்வான். அவருக்கு ஊர் நெடுந்தீவு, எனக்கு நயினாதீவு. வேலை முடிந்து பஸ் பிடித்து இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தால், இருவருடைய கடைசிப் படகும் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். ஆகவே கிழமை நாட்களில் அலுவலகத்துக்குப் பக்கத்தில், கரம்பொனில் ஒரு வீட்டை எடுத்து இருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா கடல் தொழில். மகன் கந்தோர் உத்தியோகத்துக்குப் போகிறான் என்று படகில் ஏறுகிற எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிந்தி வந்தால் பார்த்துக்கொள்வேன் என்று மேலதிகாரி எச்சரித்திருந்தார். அந்தப் பக்கத்தில் வாடகைக்கு வேறு வீடும் கிடையாது. வீடு போனால் வேலை போகும். வேலை போனால் அப்பா எந்த முகத்தோடு படகில் ஏறுவார்? இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

வீட்டுக்காரி ரொறன்ரோவில் இருக்கிற அக்கா. நாங்கள் குடிவந்த கையோடு வைபரில் எடுத்தார்.

“தம்பியவை, வீட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தப் பேசின் மட்டும் கவனம். நான் பாத்துப் பாத்து வாங்கி அனுப்பின சாமான். அதில ஒரு கீறல் கண்டன் எண்டா, இப்பவே சொல்லிப்போட்டன், நீங்கள் வேற இடம் பாக்கிறதுதான்.”

அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

பழுதர் போனை மேசையில் வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனார். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், குழாயின் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் தொட்டி. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியதுபோல எனக்குப் பட்டது.

“இதுக்குள்ள கோப்பை போட்டுக் கழுவினா பழுதாப் போயிடும், ஐசே.”

“அப்ப எங்க கழுவுறது, அண்ணை?”

“பேசினுக்குள்ள.”

“இதுதானே பேசின்?”

“பேசினுக்குள்ள வைக்கிற பேசினுக்குள்ள.”

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போகாமல் இருவரும் யாழ்ப்பாணம் போனோம். தொட்டியின் அளவுக்கு ஒரு கடதாசி மட்டை வெட்டி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பழுதர் பஸ்ஸில் நின்றார். மண்டைதீவுச் சந்தியில் ஏறிய ஒருவர், “அண்ணை, உது என்ன, ஆற்றையும் கல்லறைக்கோ?” என்று மெல்லக் கேட்டார். பழுதர், “இல்லை, பேசினுக்கு” என்றார். அவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார்.

கடைக்காரர் அலுமினியம் எடுத்துக் காட்டினார். “பீங்கானைக் கறுப்பாக்கும்” என்றார் பழுதர். வட்டப் பிளாஸ்டிக் காட்டினார். “நாலு மூலையும் காவலில்லாமல் கிடக்கும்.” தடித்த பிளாஸ்டிக்கை நகத்தால் தட்டிப் பார்த்து, “உது முட்டினாலே கீறும்” என்றார். கடைசியில் மெத்தென்ற நீலச் சதுரப் பேசின் ஒன்று வந்தது. பழுதர் மட்டையை அதன்மேல் வைத்தார். மயிரிழை பிசகவில்லை.

“அப்பிடியே பொருந்துது” என்றார் கடைக்காரர். அவருக்கு வேர்த்திருந்தது.

அப்படியே பொருந்தியதுதான் கரைச்சல். தண்ணீர் நிரப்பிக் கோப்பைகளைக் கழுவி முடித்தபிறகு பார்த்தால், பேசின் தொட்டியோடு ஒட்டிப்போய்விட்டது. பக்கத்தால் ஊற்ற இடமில்லை, தூக்க விரல் போக வழியில்லை. இருவரும் இழுத்தோம், தொட்டி சுவரைவிட்டு அசைவதுபோல ஒரு சத்தம் வந்தது. பழுதர் கையை எடுத்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பவரைப்போல நின்றார். பிறகு பேணியால் ஊத்தைத் தண்ணியை மொண்டு மொண்டு வெளியே எடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் அதே கடை. எங்களைக் கண்டதும் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி வந்தார்.

“என்ன குறை, அண்ணை?”

“குறையில்லை, தங்கச்சி. சரியாப் பொருந்திப்போச்சு. பொருந்தாத ஒண்டு தாங்கோ.”

கொஞ்சம் சின்னப் பேசின் வந்தது. விளிம்பு வெளியே வளைந்து, விரல் நுழையக்கூடியது. பக்கத்தில் இடைவெளி இருந்ததால் தேத்தண்ணி மண்டியையும் சோப்பு நுரையையும் அதன் வழியே ஊற்றலாம். அன்றிலிருந்து குசினிக்குச் சட்டதிட்டம் வந்தது. முதலில் கிளாஸ், பிறகு கோப்பை, பிறகு கறிக் கிண்ணம். கத்தியை நுரைக்குள் விடக்கூடாது. கையை மட்டுமல்ல, பேசினையும் வெட்டும். பேசினை வைக்கமுன் அடியைத் துடைக்கவேண்டும். ஒரு மண் துணிக்கை அகப்பட்டாலும் அது தொட்டியை அரத்தால் ராவினமாதிரி ராவிவிடும். கழுவிய தண்ணீர் வாழைக்கு. தீவில் நல்ல தண்ணீரைப் பவுசர் வண்டி கொண்டுவந்து ஊற்றுகிற வீட்டில் இதை மட்டும் நானும் மறுத்துப் பேசவில்லை.

மீன் சட்டி, கரிபிடித்த தாச்சி, தேங்காய் துருவுகிற பலகை ஆகியவற்றுக்குக் குசினிக்குள் அனுமதியே இல்லை. அவற்றைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அங்கே சுவரில் இருந்த ரோசா நிறக் கைகழுவும் தொட்டிக்குள் போட்டு, தும்பாலும் சாம்பலாலும் தேய்த்தோம். நன்றாகத் தேய்த்தோம்.

ஒருநாள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். கையில் இரண்டு பெரிய பாரை. வந்த களைக்கு மீனோடு நேரே குசினிக்குள் போனவரைப் பழுதர் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. இதுக்குள்ள ஏலாது.”

“மீன் வெட்டத்தான், தம்பி.”

“ஐயோ, அது கூடவே கூடாது. அங்கால வாங்கோ.”

அப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் ரோசாத் தொட்டியைக் காட்டினார். அப்பா தன் மடக்குக் கத்தியை விரித்து, செதிலைச் சீவி, தொட்டி விளிம்பிலே வைத்துத் தலையை வெட்டினார். பிறகு என்னிடம் மெல்ல வந்து, “மேனை, உந்த மனிசனுக்கு ஏதும் சுகமில்லையோ?” என்று கேட்டார். ஆனால் பழுதர் வைத்த பாரைக் குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி மாதத் திருவிழாவுக்கு ரொறன்ரோ அக்கா வந்து இறங்கினார். முதல் நாளே பழுதர் நீலப் பேசினை எடுத்துவிட்டுக் குசினித் தொட்டியைத் துடைத்து, அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். அக்கா குசினிக்குள் தலையை நீட்டி, “ஆ, சிங்க் நல்லாத்தான் இருக்கு” என்றுவிட்டு நடந்தார்.

சிங்க். அக்கா பேசின் என்று சொல்லவில்லை. பழுதரைப் பார்த்தேன். அவர் முகம் பீங்கானைவிட வெளுத்திருந்தது. அக்கா குளியலறைக் கதவைத் திறந்தார்.

“ஐயோ, என்ர பேசின்.”

ரோசா நிறம் போயிருந்தது. அடியில் கரிவளையம், சுற்றிவரச் சாம்பல் தேய்த்த கோடுகள். விளிம்பிலே கத்தி இறங்கிய ஆழமான வெட்டு. அக்கா அந்த வெட்டை விரலால் தடவினார்.

“இது ஆர் செய்தது?”

நான் வாயைத் திறந்தேன். பழுதர் என் காலை மிதித்தார்.

“நான்தான், தங்கச்சி. எல்லாம் நான்தான். இவருக்கு ஒண்டும் தெரியாது.”

“ஏன் அண்ணை, படிச்ச மனிசன் நீங்கள், கைகழுவுற பேசினுக்குள்ள கத்தியோ?”

பழுதர் தும்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் அரைமணி நேரம் விளக்கம் சொல்கிற மனிதர்.

அக்கா குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினார். “நான் முதலே சொல்லிப்போட்டன். நீங்கள் வேற இடம் பாருங்கோ. தம்பி இருக்கட்டும்.”

எனக்கு வீடு கிடைத்துவிட்டது. வேலையும் கிடைத்தமாதிரித்தான். பழுதர் அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் பையை அடுக்கினார். நானும் என் கட்டிலுக்குக் கீழே இருந்த பையை எடுத்தேன். இருவரும் விறாந்தைக்கு வந்தபோது அக்கா நிமிர்ந்தார்.

“நீர் எங்க வெளிக்கிடுறீர்? உம்மை ஒருத்தரும் போகச் சொல்லேல்லையே.”

“அந்த வெட்டு எங்கட அப்பான்ர கத்தி, அக்கா. மீன் கொண்டு வந்தவர். அண்ணை குசினியைக் காப்பாத்தப்போய் அவரை அங்க அனுப்பினவர். பேசின் எண்டு நீங்கள் சொன்னது குசினியில இருக்கிறதை எண்டு நினைச்சிட்டம்.”

அக்கா என்னைப் பார்த்தார், பழுதரைப் பார்த்தார், இரண்டு பைகளையும் பார்த்தார்.

“என்ன மீன்?”

“பாரை, அக்கா.”

“உயிர்ப் பாரையோ?”

“விடியப் பிடிச்சது.”

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். “அங்க நான் எத்தினை வருசமா ஐஸ் மீன் தின்னுறன் தெரியுமோ?” என்றார். பிறகு கொஞ்சம் கடுமையை வரவழைத்துக்கொண்டு, “நான் நிக்கிறமட்டும் அப்பாவை வரச் சொல்லும். வெட்டுறது கிணத்தடியில. பையளை உள்ளுக்கு வையுங்கோ, ரெண்டு பேரும்” என்றார்.

நான் ஏன் பையை எடுத்தேன் என்று பழுதர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. எனக்கு வேலை நிரந்தரமானது. போன வருடம் அவருக்கு நெடுந்தீவுக்கே இடமாற்றம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் சாமான் வாங்க யாழ்ப்பாணம் வந்து பின்னேரப் படகில் திரும்புவார். அன்றைக்குக் காற்று கொஞ்சம் எழும்பினாலும் நான் போன் எடுத்து, கரை சேர்ந்துவிட்டாரா என்று கேட்பேன்.

“சேந்திட்டன், ஐசே, சேந்திட்டன்” என்பார்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.