பன்னிரண்டு பக்கமும் சுத்தம்

அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள்: கணினி அறிவியல் மாணவர்கள் நாற்பது பேர், கடைசி பெஞ்சில் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவினர் மூன்று பேர், போர்டு அருகே என் மனைவியின் தம்பி தினேஷ், கதவோரம் நான். இதில் அங்கே இருந்திருக்கவே கூடாத ஆள் நான்தான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அடையாறில் ஜெராக்ஸ் கடை. கவலைப்படுவது உபதொழில். (பூட்டிவிட்டு பஸ் ஏறி, பாதியில் இறங்கி, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஜாதி.) தினேஷுக்குக் கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும்; பிடித்திருந்தால் வேலை. தலைப்பு, குவாண்டம் கம்ப்யூட்டிங் அறிமுகம். மாணவர்களுக்கான பன்னிரண்டு பக்கக் குறிப்பை முதல்நாள் என்னிடம் தந்தான்.

பிரித்துப் பார்த்தேன். சைபரோ ஒன்றோ, எந்த எண்ணுக்கும் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு கோடு, வலப்பக்கம் கூராக ஒரு கீறல். ஜெராக்ஸ் மெஷினுக்குள் சுற்றும் டிரம் உருளை கெட்டால் இப்படித்தான் கோடு விழும். எவனோ மட்டமான மெஷினில் பிரின்ட் போட்டிருக்கிறான், பையன் மானம் போய்விடும் என்று பதறி, ஒயிட்னரோடு உட்கார்ந்தேன். ஒரு கோட்டையும் விடவில்லை. பிறகுதான் காப்பி எடுத்தேன். கசங்கக்கூடாதே என்று மறுநாள் நானே சுமந்துபோய், வகுப்பு தொடங்கும்போது நானே மாணவர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன்.

தினேஷ் தொடங்கினான். "சாதாரண பிட், சைபரா இருக்கும், இல்ல ஒண்ணா இருக்கும். க்யூபிட் அப்படி இல்ல. அளந்து பாக்குற வரைக்கும் ரெண்டும் கலந்த நிலை. அளந்தா ஏதோ ஒண்ணுதான் கிடைக்கும். ஷீட்ல மொதல் வரி பாருங்க."

ஒரு பெண் எழுந்தாள். "சார், சைபரும் ஒண்ணும் கூட்டினா ஒண்ணுதானே? இதுக்கு எதுக்கு சார் குவாண்டம்?"

"எங்கப்பா கால்குலேட்டரே போட்ரும் மச்சி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. குழுவின் தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

தினேஷ் குழம்பிப்போய் போர்டில் எழுதினான். முதலில் செங்குத்தாக ஒரு கோடு. நடுவில் சைபர். அப்புறம் அந்தக் கூரான கீறல். க்யூபிட்டின் நிலையை அப்படித்தான் எழுதுவார்களாம். அது அழுக்கு இல்லை. அதுதான் பாடம்.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாய் வேறு முடிவு எடுத்தது. "சார், அது நான்தான். டிரம் கோடுன்னு நெனச்சி அழிச்சிட்டேன்."

தினேஷ் அப்போதுதான் ஷீட்டைச் சரியாகப் பார்த்தான். "பன்னண்டு பக்கமும் அழிச்சீங்களா, மாமா?"

"மாமாவா?" என்றார் தலைவி.

முன்பெஞ்சிலிருந்து ஒரு ஷீட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஷீட்ட கீழ வைங்க எல்லாரும்," என்றார் அவர். "தினேஷ், கைல மார்க்கர் இருக்கு இல்ல? அதுவே போதும். நடத்துங்க."

அவன் நடத்தினான். எப்படி நடத்தினான் என்று தெரியாது. நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்; நிமிர்ந்தால் வேலை போனது உறுதியாகிவிடும் என்று பயம். வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வேலை கிடைத்தது. ஷீட்டைப் பார்த்து ஒப்பித்திருந்தால் எடுத்திருக்க மாட்டோம் என்று அந்த அம்மாவே பின்னால் அவனிடம் சொன்னாராம். அதனால் எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் மகள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால் மனைவி இன்றும் குரல் கொடுக்கிறாள்: "அப்பா வர்றாரு, நோட்டுல இருக்கிற கோடெல்லாம் மூடி வைடி."

தினேஷிடம் ஜெராக்ஸ் காசு கேட்டால் நிதானமாகச் சொல்கிறான்: "உங்க பர்ஸைத் தொறந்து பாக்காத வரைக்கும் அது குடுத்ததும்தான் மாமா, குடுக்காததும்தான்."

நான் திறந்து பார்த்துவிட்டேன். கொடுக்காததுதான். நானூற்று எண்பது ரூபாய்.