விண்ணுலகம் எய்திய சரோஜா

பெண் எடுக்கப்போகிற வீட்டில் மாமியாரின் பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஆண்கள் இந்த நாட்டில் ஏராளம். அத்தை என்றால் அத்தை. அவருக்கு ரேஷன் கார்டில் தனியாக ஒரு பெயர் இருக்கும் என்பதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாகத் தெரியவரும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் வருவதில்லை. எனக்கு வந்தது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். (விசிட்டிங் கார்டில் கிராபிக் ஆர்ட்டிஸ்ட் என்று போட்டுக்கொண்டிருந்தேன். கார்டை அடித்தவனும் நானே என்பதால் கேட்க ஆளில்லை.) காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச் சேரும்வரை எல்லாவற்றுக்கும் பின்னால் மேகம் வைத்துக் கொடுப்பது என் வேலை. மலை மேலே கரியாலூரில் எனக்கு ரேவதியைப் பேசி முடித்திருந்தார்கள். பூ வைத்தாயிற்று. நிச்சயதார்த்தம்தான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த வெப் தொடர் வந்தது. நிலாவுக்கு முதலில் ஆள் அனுப்பியது அமெரிக்காவும் இல்லை, ரஷ்யாவும் இல்லை, நாம்தான் என்று வைத்துக்கொண்டு பின்னிய கதை. அறுபதுகளில் நடக்கிறது. வல்லரசுகள் இரண்டும் வயிறெரிந்து உளவாளிகளை அனுப்புகின்றன. மலைக்கிராமத்தில் பிறந்த ஒரு பெண் எல்லாரையும் முந்திக்கொண்டு நிலாவில் கால் வைக்கிறாள். அந்தக் காலத்துக் கதை ஆயிற்றே, அவளுக்கு இந்தக் காலத்துப் பெயர் வைக்க முடியுமா? சரோஜா என்று வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். ஒவ்வொரு எபிசோடையும் பார்க்கும்போது என் முகத்தை நானே வீடியோ எடுத்து அதில் போடுவேன். நான் அழுவதை நானே போட்டுப் பார்த்து மறுபடி அழுவேன். கடைக்கு வந்த ஒரு வாத்தியார், “நிஜத்துல அமெரிக்காக்காரன்தானே தம்பி மொதல்ல எறங்கினான்?” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவர் மகள் கல்யாண பேனரை வேண்டுமென்றே ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

கடைசி எபிசோடை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். சரோஜா தன் காற்று சிலிண்டரை உடன் வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, நிலாவிலேயே தங்கிவிடுகிறாள். தயிர்சாதம் டப்பாவில் அப்படியே இருந்தது. குழுவில் ஒரே ஒப்பாரி. ஒருவர் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினார். ஒருவர் துக்கம் தாளாமல் குழுவை விட்டு வெளியேறினார்; வெளியேறியதை யாரும் கவனிக்கவில்லையோ என்று திரும்பி வந்து சொல்லிவிட்டு மறுபடி வெளியேறினார். சங்கராபுரத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அன்பர், நெருங்கிய உறவினர் மறைவு என்று எழுதிக் கொடுத்து அரைநாள் லீவு போட்டார்.

பக்கத்து மெடிக்கல் ஷாப் பழனி கண் சிவக்க என் கடைக்கு வந்தான். எங்கள் தெருவில் என்னைத் தவிர இருந்த ஒரே ரசிகன்.

“இன்னா வேடியப்பா இப்புடிப் பண்ட்டானுங்க? எல்லாரும் எமோஜி போட்டுக்கினு கம்முனு இருக்கானுங்க. உங்கிட்ட மிஷினே இருக்கு. நீ ஒண்ணும் பண்ணலியா?”

முதலாளி சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தடுக்க ஆளில்லை. முந்தின வாரம் யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி பைலைத் திறந்தேன். மேகம் இருந்தது, புறா இருந்தது, எரிகிற விளக்கு இருந்தது. சரோஜாவின் படம் மட்டும் மாற்றினேன். விண்வெளி உடையில், பெரிய கண்ணாடிக் கூண்டு தலையில் கவிழ்த்து நிற்கும் படம். முகம் தெரியாது. அதுதான் கம்பீரமாக இருக்கிறது என்று பழனி சொன்னான். ‘சரோஜா அம்மாள் அவர்கள் விண்ணுலகம் எய்தினார்’ என்ற வரி ஏற்கெனவே அதில் இருந்ததுதான், பெயரை மட்டும் மாற்றினால் போதும். இத்தனை வருடத் தொழிலில் அந்த வாசகம் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான். ‘மலையின் மகளே’ என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். கீழே இருந்த உறவினர் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு ‘கள்ளக்குறிச்சி வேடியப்பன்’ என்று பெரிதாகப் போட்டேன்.

பழைய பேனரில் அந்த இடத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ‘மருமகன்’ என்று இருந்தது. அதை அழிக்க மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியவில்லை. பேனரில் நன்றாகத் தெரிந்தது. (நான் சொன்ன கிராபிக் ஆர்ட்டிஸ்ட் இவன்தான்.)

இருட்டுவதற்குள் அதைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில், மலைக்குப் போகிற பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரு கம்பத்தில் கட்டினோம். மலையின் மகள் அல்லவா, மலை ஜனங்கள் பார்க்க வேண்டாமா? உதடு துடிக்கிற மாதிரி ஒரு செல்பி எடுத்துக் குழுவில் போட்டேன். இதயங்கள் குவிந்தன.

மலை ஜனங்கள் பார்த்தார்கள். காலையில் கரியாலூர் பஸ் ஏற வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். மலையின் மகள் சரோஜா. மருமகன் வேடியப்பன். நம்ம ரேவதிக்குப் பார்த்திருக்கிற பிளெக்ஸ் கடைப் பையன். படத்தில் தலையில் இருந்தது ஆஸ்பத்திரியில் வைக்கிற ஆக்சிஜன் கூண்டு என்று ஒரு அம்மாள் விளக்கினாராம். பஸ் மலையேறியது. கூடவே செய்தியும் ஏறியது.

கரியாலூர் டீக்கடையில் என் வருங்கால மாமனார் காதில் விழுந்தது. அவர் மனைவி விடியற்காலை பஸ்ஸில் நிச்சயப் புடவை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார். போன் போட்டால் அணைந்து கிடக்கிறது. காலையில் கிளம்பின ஆளுக்கு முந்தின சாயங்காலமே பேனர் கட்டிவிட்ட மருமகனின் சுறுசுறுப்பை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. ஒரு டெம்போ பிடித்து, பெரிய ரோஜா மாலையோடு, சொந்தபந்தங்கள் எல்லாம் கடைக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டார்கள்.

மாமா என்னைக் கட்டிக்கொண்டு கதறினார்.

“மாப்ள! எங்க வெச்சிருக்கீங்க?”

பேனர் விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் மனம் உருகி வந்திருக்கிறார், இவரும் நம்ம ஆள்தான் போலிருக்கிறது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

“பஸ் ஸ்டாண்டுல மாமா. கம்பத்துல கட்டி வெச்சிருக்கோம்.”

மாமா அழுகையை நிறுத்தினார். “கம்பத்துலயா?”

“ஆமா மாமா. நல்லா இழுத்துக் கட்டியிருக்கு. பழனிதான் ஒரு பக்கம் புடிச்சான்.”

“எதுக்குய்யா கம்பத்துல?”

“போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்னுதான்.”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்த பெண்கள் ஒரே குரலாக ஓலமிட்டார்கள். அழுதுகொண்டே ரேவதி என் சட்டையைப் பிடித்தாள்.

“எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு? சொல்லுங்க!”

“உங்கம்மாவுக்கு இன்னா?”

“சரோஜான்னு பேனர் போட்டீங்களே!”

“அது... உங்கம்மா பேரா?”

ரேவதியின் அழுகை நின்றது. கண்ணில் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்க, அவள் என்னைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க இந்த ஆளோடுதானா என்று ஒரு பெண் கணக்குப் போட்டுப் பார்க்கும் பார்வை அது.

நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். இது வேறு சரோஜா, நிலாவுக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள், நிஜமில்லை, கதை. கூட்டத்தில் ஒரு பெரியவர் இடைமறித்தார். “நெலாவுக்கு நம்மாளுங்களா மொதல்ல போனாங்க?” பழனி உடனே, “ஆமாங்க” என்றான். (அவனுக்கு நோய் என்னைவிட முற்றல்.) மாமா தரையில் உட்கார்ந்தபடியே கத்தினார். “மலையிலேர்ந்து ஒருத்தி நெலாவுக்குப் போயிருந்தா எனக்குத் தெரியாம பூடுமா? பஸ்ஸு எங்க வூட்டத் தாண்டித்தான்யா வரணும்!”

அப்போது, பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே கடைத்தெருவில் இறங்கியிருந்த அத்தை ஜவுளிக்கடைப் பையோடு அந்தப் பக்கம் வந்தார்.

“இன்னா எல்லாரும் இங்க நிக்கறீங்க? யாருக்கு மாலை?”

ஒரு பெண் வீரிட்டார். மாமா எழுந்து ஓடிப்போய் மனைவியின் இரண்டு தோள்களையும் தொட்டுப் பார்த்தார். உறுதியானதும் கோபம் வந்துவிட்டது. “போனு இன்னாடி ஆச்சு?”

“சார்ஜ் தீந்துபூட்ச்சு. பஸ்ஸுல படம் பாத்துக்கினே வந்தேன்.”

நான் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன். “அத்தை, மன்னிச்சுடுங்க. அது நீங்க இல்ல. ஒரு தொடர்ல வர்ற சரோஜா. நெலாவுல காத்து இல்லாம கடைசியில செத்துடுவாங்க. அவங்களுக்குத்தான் பேனர்.”

புடவைப் பை கீழே விழுந்தது.

“செத்துட்டாளா?”

“ஆமா அத்தை. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க.”

“நான் இருக்கறது எனக்குத் தெரியாதாய்யா? நான் இன்னும் அவ ராக்கெட்டுல ஏறினதையே பாக்கலியே!”

எத்தனையோ ரசிகர்களின் முகங்களை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. அத்தை கடைப் படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பிடித்தது புயல்.

“வூட்ல சிக்னலு கெடைக்காம, பொழுதோட வேலைய முடிச்சிட்டுப் பாறை மேல ஏறி ஒக்காந்து, மழைக்குத் தலையில கோணி போட்டுக்கினு கொஞ்சங் கொஞ்சமாப் பாத்துக்கினு வர்றேன். ஒரே வார்த்தையில கொன்னுட்டியே! என்னையக் கொன்னிருந்தாக்கூட விட்டிருப்பேன்!”

“வுடு சரோஜா, கதைதானே?” என்றார் மாமா.

“கதையா? என் பேருல உருப்புடியா ஒரே ஒருத்திதான் இருந்தா. அவளும் பூட்டா.”

ரேவதி கீழே கிடந்த புடவைப் பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

அத்தை எழுந்தார். தனக்கென்று வந்த ரோஜா மாலையைச் சொந்தக்காரர் ஒருவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். பின்னால் மாமா, ரேவதி, சொந்தபந்தம், பழனி, கடைசியாக நான். பூவோடு போகிற கூட்டத்தைப் பார்த்து வழியில் இன்னும் சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். பேனரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அத்தை எக்கி மாலையைப் போட்டார். கைகூப்பி நின்றார். நானும் பழனியும் தேம்பி அழுதோம். வீடியோ எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு இருவருக்குமே தோன்றவில்லை.

சம்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும் என்று மாமா அங்கேயே பிடிவாதம் பிடித்தார். “கம்பத்துல கட்டி வெச்சேன்னு சொன்னான் சரோஜா! என்னைப் பாத்து சிரிச்சுக்கினே சொன்னான்!” என்று கம்பத்தைக் காட்டிக் காட்டி முறையிட்டார். அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்.

“ஒருத்தி செத்ததுக்கு இவ்ளோ செலவு பண்ணி அழுவுறான். பொண்டாட்டிய நல்லா வெச்சுக்குவான். ஆனா மிச்சக் கதைய என்கூட ஒக்காந்து பாக்கணும். வாயத் தொறக்கக் கூடாது.”

ஞாயிறுதோறும் கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். பாறை மேல் அத்தையும் ரேவதியும் நானும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் முகத்தை யார் மூடுவது? துரோகம் செய்யப்போகிறவன் திரையில் வந்தாலே என் புருவம் ஏறிவிடும். அத்தை போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். “இவன் கெட்டவன் போலக்குதே. உன் மூஞ்சி சொல்லுது” என்பார். மூன்றாவது தடவை பொறுமை போய், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலைமேல் போர்த்திவிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. (பேனரை வேறு கடையில் அடித்தார்கள்.) போன வருஷம் தொடரின் அடுத்த பாகம் வந்தது. வெளியான அன்றே எல்லாரும் மாமியார் வீட்டில் கூடினோம். இப்போது அங்கே டிவி, நெட் எல்லாம் இருக்கிறது. உட்கார்ந்ததும் அத்தை துண்டை நீட்டினார்.

“அத்தை, இது புதுசு. எனக்கும் ஒண்ணும் தெரியாது.”

“அன்னிக்கும் உனக்கு ஒண்ணும் தெரியாதுதான்” என்றார் அத்தை. துண்டு இறங்கியது.

அந்தப் பாகம் முழுவதையும் நான் ரேடியோ நாடகம் மாதிரி காதால்தான் கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று வீடே எழுந்து கைதட்டியது. ரேவதி கூச்சலிட்டாள். அத்தை அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது. தாங்க முடியவில்லை.

“இன்னா ஆச்சு? யாராவது சொல்லுங்க!”

“சும்மா இரு மாப்ள,” என்றது மாமாவின் குரல், “கதை கெட்டுப்பூடும்.”