மூப்பரின் பயண ஜெபமும் நாங்கள் ஏறாத கப்பலும்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு மூளையில் ஏதோ ஒரு நரம்பு கழன்றுதான் இருக்கும். வருஷக்கணக்கில் செய்யாமல் விட்டதையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் செய்து முடித்துவிடலாம் என்று நம்புவார்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். சொந்தக்காரர்கள் சண்டைக்குப் பஞ்சாயத்து பேசுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கிரைண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவார்கள். நான் இந்த வியாதியில் முற்றின கேஸ். (நர்ஸ் என்பதால் என் நோயை நானே சொல்லிக்கொள்ளலாம்.)

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. சித்தூர் வீட்டில் என் கணவர், ஏழு வயசு ஷைனி, நாலு வயசு ஜோயல். கணவர் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். பிள்ளைகளை வளர்த்தது அவருடைய அக்கா ரூத் அண்ணி. நான் விமானம் ஏறும்போது ஜோயலுக்கு நடக்கவே சரியாக வராது. வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு, "அம்மா பேசறேன்டா கண்ணு" என்பேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே போன் கார்டில் இருக்கிற நிமிஷமெல்லாம் தீர்ப்பேன்.

முதல் லீவில் வந்து இறங்கினேன். ஷைனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜோயல், அண்ணியின் புடவைக்குப் பின்னால் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பிறகு, "அத்த, இந்த போன் அம்மா எப்ப போவாங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதையைத் தாங்காமல் பெட்டியைத் திறந்து சாக்லேட்டைத் தேடினேன்.

சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டு அத்தையிடம் போய் உட்கார்ந்து தின்பான். ரிமோட் கார் கொடுத்தேன், அதுவும் அத்தையைச் சுற்றியே ஓடியது. லீவு முடிவதற்குள் இவன் தானாக வந்து என் மடியில் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் டூர்.

என் வார்டில் ஒரு மலையாளி நர்ஸ் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் குடும்பத்தோடு கப்பலில் போய்வந்ததைத் தினமும் ஒரு எபிசோடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கும் கப்பல் ஆசை பற்றிக்கொண்டது. கணவரோ பெங்களூர் பக்கத்தில் இருக்கிற தீம் பார்க்குக்குப் போகலாம் என்றார்.

"லில்லி, கப்பல்ல ஏறினா நடுவுல எறங்க முடியாது. பார்க்குல பசங்க அழுதா வெளிய வந்து பஸ் புடிச்சிக்கினு வந்துடலாம்."

"பார்க்குல ஜோயலுக்கு உயரம் பத்தாது, எதுலயும் ஏத்த மாட்டான். ஷைனிக்குக் க்யூவுல நிக்கப் பொறுமை பத்தாது. உங்களுக்கு அந்தச் சாப்பாடு புடிக்காது. அப்புறம் யாருக்குங்க பார்க்கு?"

"கப்பல்ல வாந்தி வரும்."

"நான் நர்ஸ்."

திருப்பதிக்குப் போய் டிராவல்ஸ்காரரிடம் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தோம். அங்கே மொட்டையடித்துவிட்டு வந்த கூட்டம் முழுக்க ரயில் டிக்கெட் கேட்டுக்கொண்டு நின்றது. நான் மட்டும் சத்தமாக, "ஷிப்புக்கு" என்று இரண்டு தடவை சொன்னேன். (ஒரு தடவையிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது.)

இந்த இடத்தில்தான் எங்களைப் போன்ற சர்ச்சுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். எங்கள் சபையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்னால் வந்து நிற்க வேண்டும். பயண ஜெபம் உண்டு. வேலூருக்குக் கண் காட்டப் போனாலும் நிற்பார்கள். அதை நடத்துகிறவர் சபையின் பெரியவர் தேவராஜ் மூப்பர். தங்கமான மனுஷர். ஒரு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த மெஷின் எப்படி உடையும், உடைந்தால் யார் தலையில் விழும் என்று ஆயுசு முழுக்க யோசித்துச் சம்பளம் வாங்கியவர். ரிட்டயர் ஆன பிறகு அந்தத் திறமையை முழுசாக ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் நாலு பேரும் போய் நின்றோம். மூப்பர் பிள்ளைகள் தலையில் கை வைத்தார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்தக் குடும்பத்தை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இவர்கள் ஏறுகிற கப்பலின் அடித்தட்டில் ஓட்டை விழாதபடி காத்தருளும். ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் பழுதாகாதபடி காத்தருளும். மோட்டார் பழுதானாலும் சிறு படகுகளின் கயிறு சிக்கிக்கொள்ளாதபடி காத்தருளும். கயிறு சிக்கினாலும், கடலிலே சுற்றித் திரிகிற சுறா மீன்களின் வாய்களை நீரே கட்டிப்போடும்."

ஒவ்வொன்றுக்கும் சபை உருக்கமாக 'ஆமென்' சொன்னது. நானும் சொன்னேன். சுறா வந்தபோது சந்தேகப்பட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சபையில் எல்லாரும் கண்களை மூடியிருந்தார்கள். ஜோயல் மட்டும் இரண்டு கண்களையும் அகலத் திறந்து மூப்பரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் குளியலறை பக்கெட்டில் சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, அதில் ரிமோட் காரின் டிரைவர் பொம்மையை உட்காரவைத்தான். டப்பாவில் ஏற்கெனவே தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. பொம்மை முழுகியது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் முழுகியது. எழுந்து நேராக அண்ணியிடம் போய், "நான் கப்பலுக்கு வர்ல. மோட்டாரு ரிப்பேராவும்" என்றான். அதற்குப் பிறகு கப்பல் என்று யாராவது வாயெடுத்தாலே அண்ணியின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் குனிந்து, "வாடா கண்ணு, அம்மா கூட இருக்கேன்ல" என்றேன். "நீங்க போங்க, சுறாகிட்ட" என்றான்.

கப்பலை கேன்சல் செய்தோம். டிராவல்ஸ்காரர் முன்பணத்தில் பாதியை வைத்துக்கொண்டு, "பரவாலேது மேடம், மள்ளீ ரண்டி" என்று மறுபடியும் வரச் சொன்னார். கணவர் சட்டையை மாட்டும்போது மெதுவாக விசிலடித்தார், அவ்வளவுதான்.

சரி, தீம் பார்க். மறு ஞாயிறு வந்தது.

"இந்தத் தடவ ஜெபத்துக்கு நிக்க வேணாம். கம்முனு போய்ட்டு வந்துடலாம்" என்றார் கணவர்.

"அதெப்படிங்க? போவாத டூருக்கு ஜெபம் வாங்கிட்டு, போற டூருக்கு வாங்காம இருந்தா நாலு பேர் இன்னா சொல்வாங்க?" என்றேன். என் வாயைத் தைத்திருக்கலாம்.

மூப்பரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, பசங்க பயப்படறாங்க. சுருக்கமா பண்ணுங்க" என்று சொல்லி வைத்தேன்.

"கவலைப்படாதம்மா. ரெண்டே வார்த்தை" என்றார். அவர் மனசில் அது ரெண்டு வார்த்தைதான்.

"ராட்டினத்தின் நட்டு கழலாதபடி காத்தருளும் ஆண்டவரே. நட்டு கழன்றாலும் இடுப்பு பெல்ட் அவிழாதபடி காத்தருளும். தலைகீழாகத் தொங்குகிற வேளையிலே கரண்ட் போகாதபடி காத்தருளும். கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் டீசல் இருக்கும்படி செய்யும்."

அந்தக் கோடையில் சித்தூரில் கரண்ட் போகாத நாளே கிடையாது. 'டீசல்' என்றதும் சபை இதுவரை சொல்லாத அளவுக்கு உருக்கமாக 'ஆமென்' சொன்னது. இந்தத் தடவை விக்கி விக்கி அழுதது ஷைனி. தலைகீழாகத் தொங்கும்போது பாவாடை என்ன ஆகும், யார் வந்து இறக்குவார்கள், அதுவரை பசித்தால் என்ன துன்னுவது என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜோயல் மட்டும் நிதானமாக, "தாத்தா சொல்ட்டாரு. யாரும் போவ முடியாது" என்று தீர்ப்பு சொன்னான்.

பார்க்கும் போயிற்று. அடுத்த வாரம் சபையில் பெண்கள், "ரெண்டு தபா ஜெபம் வாங்கிக்கினு இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா லில்லி?" என்று விசாரித்தார்கள். ஒரு அக்கா, கப்பலுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த கூலிங் கிளாஸை இரவல் கேட்டார். நான் கொடுத்தேன்.

லீவு கரைந்துகொண்டே வந்தது. ஜோயல் இன்னும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டான். கடைசியில் நானே இறங்கிவந்து, "எங்கயாவது போய்ட்டு வரலாங்க. திருப்பதி ஜூவா இருந்தாக் கூடப் போதும்" என்றேன். கப்பலில் ஆரம்பித்த நான் மயில் பார்ப்பதில் வந்து நின்றேன். ஒரு சனிக்கிழமை காலை, சபையில் ஒருத்தருக்கும் சொல்லாமல், கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் மாதிரி திருப்பதி பஸ் ஏறினோம். அண்ணி முட்டிவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். கணவர் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போனார். நான் பிள்ளைகளோடு திரும்புகிறேன், எதிரில் கையில் பையோடு தேவராஜ் மூப்பர். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

"எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க?"

நான் பொய் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஷைனி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ஜெபம் பண்ணாமயா வந்துட்டீங்க?" மூப்பருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். நடு பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடினார். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பம், ஏதோ நல்ல காரியம் நடக்கிறது என்று எங்களோடு சேர்ந்து கை கூப்பி நின்றது.

"கூண்டின் தாழ்ப்பாள் துருப்பிடிக்காதபடி காத்தருளும். துருப்பிடித்தாலும், காவல்காரர் பூட்டைப் பூட்ட மறக்காதபடி காத்தருளும். மறந்தாலும், அந்தச் சிங்கம் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருக்கும்படி..."

ஜோயல் வீறிட்டான். சுற்றிலும் பார்த்தான். அத்தை இல்லை, பஸ் விசாரிக்கப் போன நைனாவும் இல்லை. மரம் ஏறுகிற மாதிரி என் மேல் ஏறி, இரண்டு காலையும் என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, கழுத்தை நெரித்துக்கொண்டு, "அம்மா, வுட்டுடாத" என்றான்.

போன் அம்மா இல்லை. வெறும் அம்மா. எனக்கு மூச்சு முட்டியது, முடி இழுபட்டது, அழுகையும் வந்தது. சிங்கம் சாப்பிட்டிருந்தால் என்ன, சாப்பிடாவிட்டால் எனக்கென்ன. மூப்பர் முடித்ததும் அவர் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றேன். திரும்பிவந்த கணவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று முழுக்க அவன் இறங்கவே இல்லை. கரடி, முதலை, மான் எல்லாவற்றையும் என் இடுப்பிலிருந்தே பார்த்தான். ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால், "அம்மா, தாழ்ப்பா போட்டுகீதா பாரு" என்று உத்தரவு. பறவைக் கூண்டின் கதவை நான் நிஜமாகவே இழுத்துப் பார்த்தேன். காவல்காரர் ஓடிவந்து, "ஏன்ட்டம்மா, தலுப்பு எந்துக்கு லாகுதுன்னாரு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கதவை எதற்கு இழுத்தேன் என்று தெலுங்கில் விளக்க எனக்குத் தெம்பில்லை. கணவர் கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி மானைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபோது என் இடுப்பு நாலு துண்டாகியிருந்தது. அன்றிலிருந்து அவன் தலையணை என் பக்கம் வந்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. ஆனால் லீவும் முடிய வேண்டுமே.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் ஜோயலைக் காணோம். தெரு முழுக்கத் தேடிவிட்டு வாசலுக்கு வந்தால், மூப்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், கேரியரில் இவன்.

"உன் புள்ளை வந்து கூப்ட்டான்மா. அம்மா ஏறப்போற ஏரோபிளேனுக்கு ஜெபம் பண்ணணுமாம். பெருசா பண்ணணுமாம். ஒண்ணையும் வுட்டுடக் கூடாதாம்" என்றார் மூப்பர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, இந்த வயசுலயே எவ்ளோ விசுவாசம்" என்று அண்ணியிடம் சொன்னேன்.

அப்போது ஷைனி, "அது இல்லம்மா. தாத்தா ஜெபம் பண்ணா யாரும் ஊருக்குப் போவ மாட்டாங்கன்னு சொல்லித்தான் போனான்" என்றாள்.

மூப்பர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். ஜோயல் ஏற்கெனவே கை கூப்பித் தயாராக நின்றான். அவர் கண்ணை மூடினார். ஜோயல் தலையில் கை வைத்தார். பிறகு, "ஆண்டவரே, இந்தத் தாயைச் சீக்கிரமாத் திரும்பிக் கூட்டிக்கினு வந்துடும்" என்றார். அவ்வளவுதான். ஆமென்.

ஜோயலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெக்கைய வுட்டுட்டீங்க தாத்தா" என்றான். "ரெக்கை ஒடையும்ல, அத்தச் சொல்லுங்க. பெட்ரோலு தீந்துடும்ல, அத்தச் சொல்லுங்க." ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். மூப்பர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போனேன். கடன் இருந்தது, போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. திருப்பதியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கப்பலையும் பார்க்கையும் இன்றுவரை நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது எங்காவது போவதைத் தடுக்க வேண்டுமானால், "மூப்பருக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்பார் கணவர்.

ஜோயல் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவான். அவன் பையை எடுத்ததும் நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவீட்டில் முழங்கால் போடுவேன். "ஆண்டவரே, பஸ்ஸின் பின் டயர் வெடிக்காதபடி காத்தருளும். வெடித்தாலும் ஸ்டெப்னியில் காற்று இருக்கும்படி செய்யும். பிரேக் பிடிக்காவிட்டாலும்..."

"யம்மா, வுடும்மா" என்று பையைக் கீழே போடுவான். "காலைல போறேன்."

ஆமென் என்று எழுந்து போய் அவனுக்கும் சேர்த்து மாவு பிசைவேன்.