ராஜாவுக்கு எதை உடுத்துவது?

"இந்த அங்கியப் பார்த்தா ராஜா மேல ஆசைதான் வருது. வெறுப்பு வரல," என்றான் பூஷார்.

நாடகக் கொட்டகைத் தையல்காரி அர்மேல் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளைக் கையில் துப்பினாள். பாரிஸில் நிஜ ராஜாவின் தலையை வெட்டி ஒரு வருஷம் ஆகிறது. நாடக ராஜாக்கள் எப்படியோ தப்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் துணி தைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பூஷார் அந்தப் பேட்டையின் கண்காணிப்புக் குழு ஆள். அவன் தலையாட்டினால்தான் மாலையில் திரை ஏறும்.

"கொடுங்கோலன் வேஷம்தானே இது, குடிமகனே. நீயே சொல்லு, என்ன பண்ணட்டும்?"

'நீ' என்றதும் அவன் புருவம் ஏறியது. இனி எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தெருத்தெருவாகக் கத்தியவனே அவன்தான்.

"தங்கப் பூவையெல்லாம் பிச்சிடு. சாயந்திரம் ஏதாவது தப்பா மேடையேறுச்சு, குழு முன்னாடி நீதான் பதில் சொல்லணும்."

போன வாரம் பதில் சொல்லப் போன ஒப்பனைக்காரி இன்னும் சிறையில்தான் இருக்கிறாள். அர்மேல் ராஜவம்சச் சின்னமான அந்தத் தங்க லில்லிப் பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பழைய வெல்வெட்டு வெளுத்துக் கிடந்தது. பூ இருந்த இடம் மட்டும் புது நீலமாக மின்னியது.

"அடடா, இப்பத்தான் பூ பளிச்சுனு தெரியுது!" என்றான் பூஷார்.

ரோமாபுரி வீரன் வேஷத்துக்குக்கூட மூவர்ண நாடா குத்த வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் நாடாவுக்குப் பஞ்சமில்லை. அர்மேல் பூத் தழும்புகளின் மேல் நாடாவை வைத்துத் தைத்தாள்.

"கொடுங்கோலன் நெஞ்சுல தேசத்தோட நிறமா? உனக்குக் கழுத்து கனக்குதா?"

"எல்லா வேஷத்துக்கும் குத்தச் சொன்னது உன் குழுதானே?"

"வாயாடாத. வேற தை."

வெல்வெட்டை மூலையில் வீசிவிட்டு மாடியறைக்கு ஓடினாள். தன் வைக்கோல் மெத்தையின் சாக்குறையை உருவி வந்து தொளதொளவென்று ஓர் அங்கி தைத்தாள். இந்த ஜனவரிக் குளிரில் இனி வெறும் வைக்கோல் மேல்தான் படுக்க வேண்டும்.

பூஷார் சாக்கைத் தடவிப் பார்த்தான். "சாக்கு உடுத்துறது ஏழை ஜனங்க. அவங்களையா கொடுங்கோலன்ங்கற?"

அர்மேலுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நான் யாரு, சீமாட்டியா? உனக்குத் தைக்கிறேன்னு இன்னிக்கு ரொட்டிக் கடை வரிசைலகூட நிக்கல. என் படுக்கைய உரிச்சு உன் ராஜாவுக்குப் போட்டிருக்கேன். பட்டுன்னா துரோகம், கந்தல்னா கேலி. நாடா வச்சாலும் குத்தம், வைக்கலேன்னாலும் குத்தம். உங்க சமத்துவம் ஆம்பளைங்க பேச்சுல மட்டும் ஜோரா இருக்கு. ஊசி பிடிக்கிறவகிட்ட வரும்போது விலங்கோட வருது. சொல்லுய்யா, ராஜா எதத்தான் உடுத்துறது? அம்மணமா அனுப்பட்டுமா?"

பூஷார் உண்மையாகவே யோசித்தான்.

"அம்மணமா வந்தா... ஜனங்களுக்குப் பரிதாபம் வந்துடுமே."

கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று அர்மேல் தேடினாள். நல்ல எண்ணத்தோடு அல்ல.

அப்போது மேடைத் தச்சன் கஸ்பார் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில், வெட்டுமேடையில் தலை விழுமே, அது மாதிரி ஒரு கூடை. கூடையில் தவிடு, தவிட்டின் நடுவே, சாயம் காயாத ஒரு காகிதக்கூழ்த் தலை.

"வழி விடு அக்கா, ராஜா வர்றாரு. ஒரு வார்த்தைகூட அவர் பேசக் கூடாதுன்னு இந்தக் குழுக்காரரு காலைலயே வசனத்தையெல்லாம் வெட்டிட்டாருல்ல, இனி நாடகத்துல தலை மட்டும்தான்."