ஓடைத்தெருவின் ஏழாவது சாவி

சட்டைப் பையில் இல்லை. கால்சட்டைப் பையில் இல்லை. சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததில் ஊறுகாய் டப்பா திறந்து, மேசையில் விரித்திருந்த ஐரோப்பா படத்தில் பாதி எண்ணெயில் முங்கியது. சாவி மட்டும் விழவில்லை.

“என்னத்தப் போட்டு இப்படி உருட்டுறீங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் முத்துமீனா.

“ஒண்ணுமில்ல. பேனாவக் காணோம்.”

பேனாவுக்காக எவனாவது பீரோவை நகர்த்துவானா? அவள் வந்து வாசலில் நின்று பார்த்தாள். கணவர் தமிழ்மாறன் தரையில் குப்புறப் படுத்திருந்தார். மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவர். பொறுப்பான மனிதர், இதுவரை அவர் தொலைத்தது ஒரு குடை மட்டும்தான். இப்போது தொலைத்திருப்பது ஒரு தெருவின் மானம்.

அவருடைய சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அங்கே கோயிலில் ஒரு மரப்பெட்டி உண்டு. சாமியின் நகையெல்லாம் அதற்குள்தான். ஊரில் ஆறு தெரு, பெட்டிக்கு ஆறு பூட்டு, தெருவுக்கு ஒரு சாவி. ஆறும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும், திருவிழா நடக்கும். ஏழாவதாக ஓடைத்தெரு என்று ஒன்று இருந்தது. அதற்குச் சாவி கிடையாது. அந்தத் தெருக்காரர்கள் மற்ற தெருக்காரர்களின் வயலில் நாற்று நட்டார்கள், கதிர் அறுத்தார்கள், திருவிழாவுக்குப் பந்தக்கால் ஊன்றினார்கள். பெட்டி திறக்கும்போது மட்டும் வெளியே நின்றார்கள்.

இன்று ஓடைத்தெருவுக்குச் சொந்த வயல் இருக்கிறது. நர்ஸும் இன்ஜினியரும் இருக்கிறார்கள். “எங்களுக்கும் ஒரு சாவி வேணும்” என்று கேட்டார்கள். அதில் பிடித்த சண்டையில் பதினைந்து வருஷம் பெட்டி திறக்கவில்லை, திருவிழாவும் இல்லை.

போன தை மாதம் ஊர்க்கூட்டத்தில் தமிழ்மாறன் எழுந்து பேசினார்.

“ஐரோப்பாவுல அன்டோரான்னு ஒரு நாடு இருக்குய்யா. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல, மலை இடுக்குல. அம்புட்டும் மலையும் பனியும்தான். ரயில் கெடையாது, ஏரோப்ளேன் எறங்க எடம் கெடையாது, பட்டாளம் கெடையாது.”

“பஸ்ஸாவது போகுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பஸ்ஸு போகும். அந்த நாட்டுச் சபையில ஒரு பெட்டகம் இருக்கு. பழைய பட்டயமெல்லாம் அதுலதான். நாட்டுல ஆறு பகுதி, பெட்டகத்துக்கு ஆறு பூட்டு. ஆறு பேரும் வந்தாத்தான் தெறக்கலாம். எழுபத்தெட்டுல ஒரு பகுதி பிரிஞ்சு ஏழாவதா ஆச்சு. அவுக சண்டை போடலய்யா. ஏழாவது பூட்டப் போட்டாக!”

ஊர்த் தலைவராகிய அம்பலமும் முதல் சாவிக்காரருமான கருத்தக்கண்ணன் மற்ற ஐந்து சாவிக்காரர்களையும் பார்த்தார். “வெள்ளக்காரனே பண்ணிருக்கான். போட்டுருவோம்” என்றார். மற்ற ஐவரும் உடனே தலையாட்டினார்கள். பதினைந்து வருஷ வழக்கு ஒரு மூச்சில் முடிந்தது. எல்லாம் பூகோளத்தின் மகிமை என்று தமிழ்மாறன் பூரித்துப் போனார், பாவம்.

பெட்டியின் முகப்பில் ஏழாவது பூட்டு ஏறியது. தமிழ்மாறனின் அப்பா சோலை, அந்தச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகனிடமே கொடுத்தார். மகன் என்ன செய்தார்? ஒன்பதாம் வகுப்பில் அன்டோரா பாடம் நடத்தும்போது பெருமை தாங்காமல் அதை எடுத்துக் காட்டினார். பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போன சாவி, மணியடித்த களேபரத்தில் திரும்பி வரவில்லை. வகுப்பைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தாயிற்று. சாக்கடை மூடியைத் தூக்கியும் பார்த்தாயிற்று.

“தொலஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க” என்றாள் முத்துமீனா. “எல்லாரும்தான் தொலைக்கிறாக.”

“அவுக தொலைச்சா, சாவி தொலஞ்சுச்சும்பாக. நான் தொலைச்சா, ஓடைத்தெருவே அப்படித்தாம்பாக.”

அது உண்மைதான் என்று அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பெட்டி திறப்பதாக இருந்தது. தமிழ்மாறன் அம்பலாருக்குப் போன் போட்டார். தமிழ்மாறனிடம் ஒரு கொள்கை உண்டு: பாட விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். ஆகவே உண்மையைச் சொல்லியே தப்பிக்கப் பார்த்தார்.

“அம்பலாரே, அன்டோராவுல சாவிக்காரக நேர்லதான் வரணும். இங்க நம்ம சாவிக்காரரு காளையண்ணன் திருப்பூர்ல இருக்காக. சாவிய மச்சினன்கிட்டக் குடுத்து விடுறதா இருந்துச்சே, அது மொறையில்ல.”

“ரொம்பச் சரி வாத்தியாரே!” கருத்தக்கண்ணனின் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. “காளை மெதுவா வரட்டும். அவசரமே இல்ல.”

காளை அடுத்த மாதம்தான் வர முடியும் என்றார். தமிழ்மாறன் மூச்சு விட்டார். ஆனால் காளை நேரில் வருகிறார் என்ற சேதி பரவியதும், திருப்பூரிலும் சென்னையிலும் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வேன் பிடிக்கத் தொடங்கினார்கள். சும்மா நடந்திருக்க வேண்டிய திறப்பு, திருவிழாவுக்கு முன்னால் ஒரு திருவிழாவாகிவிட்டது.

மாற்றுச் சாவி போடலாம் என்று மேலூருக்குப் பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் ராஜபாண்டியின் கடையை நெருங்கினால், அங்கே அம்பலார் கருத்தக்கண்ணன் துண்டால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு நின்றிருந்தார். ‘நம்ம மேல சந்தேகம் வந்து விசாரிக்க வந்துட்டாரு’ என்று தமிழ்மாறன் நினைத்தார். வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினார்.

அடுத்த அஸ்திரத்தை ஊர்க்கூட்டத்திலேயே எடுத்தார்.

“அன்டோராவுக்கு ரெண்டு தலைவருங்க. ஒருத்தரு ஸ்பெயின்ல இருக்குற பிஷப்பு. இன்னொருத்தரு பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி. ரெண்டு பேருமே உள்ளூர் ஆளு கெடையாது. எழுநூறு வருஷமா இந்த ஏற்பாடுதான் ஓடுது. நம்மளும் வெளியூர்ப் பெரியவுக ரெண்டு பேர முன்ன வச்சுத் தெறந்தா என்ன?”

மூன்றாவது சாவிக்காரி மலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்ல யோசனை சொன்னய்யா. பெரியவுக தேதி குடுக்க ஆறு மாசமாவது ஆகுமுல்ல?”

ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் கல்லூரி முதல்வர் ஒருவரும் காளை வரும் பங்குனி ஞாயிறன்றே வருவதாக ஒத்துக்கொண்டார்கள். மலையம்மாளின் முகம் ஏனோ தொங்கிப் போனது. ஊர் முகப்பில் பனிமலைப் படத்தோடு பிளக்ஸ் ஏறியது. மலையின் ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் தமிழ்மாறன். மைக் செட்டும் வந்தது.

கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். “அந்தக் காலத்துல அன்டோராக்காரக பிஷப்புக்குக் காணிக்கை குடுப்பாக. பன்னித் தொடை, பாலாடைக்கட்டி, கோழி.”

“பாலாடைக்கட்டிக்கு நம்ம எங்க போறது?” என்றார் கருத்தக்கண்ணன் ஆவலாக. “அது இல்லாமத் தெறந்தா தப்புன்னு எதுவும் இருக்கா?”

தமிழ்மாறனின் கொள்கை குறுக்கே நின்றது. “அப்படிச் சொல்ல முடியாது” என்றார். கருத்தக்கண்ணன் பெருமூச்சு விட்டார். அதற்குள் யாரோ மதுரையிலிருந்து பனீர் வாங்கி வந்துவிட்டார்கள். பன்றித் தொடைக்குப் பதில் ஆட்டுத் தொடை. வீட்டுக்கு ஒரு கோழி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலைச் சுற்றி ஒரே தலையாக இருந்தது. ஆறு சாவிக்காரர்களும் புது வேட்டி சேலையில், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசேஷத்தின் பக்தி என்று தமிழ்மாறன் நினைத்தார்.

சோலை அவர் அருகில் வந்து கையை நீட்டினார். “சாவியக் குடுப்பா. தெறக்குற வரைக்கும் நான் வச்சுக்கிறேன். இந்த வாசல்ல எங்க அய்யா வெளிய நின்னாரு. நானும் வெளிய நின்னேன்.”

அந்தக் கையைப் பார்த்த தமிழ்மாறனால் இதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. நேரே மைக்குக்குப் போனார்.

“ஏழாவது சாவிய நான் தொலைச்சுட்டேன். அன்டோரா அன்டோரான்னு நான் சொன்ன சேதியெல்லாம் நெசம். அத எதுக்குச் சொன்னேங்கறதுலதான் பொய்யி. தப்பு என்னோடது. எங்க தெருவோடது இல்ல. எங்க தெருவ எதுவும் சொல்லிராதீக.”

கருத்தக்கண்ணன் எழுந்தார்.

“அப்பவே தெரியும்! சாவிங்கிறது சாதாரண வெசயமா? அதுக்கு ஒரு பரம்பரைப் பொறுப்பு வேணும்!”

“ஆறு சாவி பத்திரமா இருந்துச்சு” என்றார் காளை. “ஏழாவதக் குடுத்தோம், வந்துச்சு வெனை.”

“சாமிக்கே அடுக்காது” என்று கண்ணைத் துடைத்தாள் மலையம்மாள். மற்ற மூவரும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு வார்த்தை போட்டார்கள். ஆறு பேர் முகத்திலும் புதுத் தெம்பு வந்திருந்தது. பரீட்சை தள்ளிப்போன பிள்ளைகளிடம் தமிழ்மாறன் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்காருவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆக, பெட்டி இன்னைக்குத் தெறக்காது” என்று கருத்தக்கண்ணன் தீர்ப்புச் சொன்னார். “ஓடைத்தெருவு செஞ்ச வேலை. எல்லாரும் சாப்புட்டுப் போங்க.”

ஓய்வுபெற்ற நீதிபதி கையை உயர்த்தினார். “ஒரு பூட்டுக்காக இவ்வளவு பேரைத் திருப்பி அனுப்பணுமா? பூட்டுத் திறக்கிற ஆள் இருப்பாரில்ல?”

“இருந்தாலும் சாமி பெட்டிய வெளியாளு தொடலாமாய்யா?” என்று ஆறு பேரும் பதறி எழுந்தார்கள். அதற்குள் ஒரு பைக் மேலூருக்குப் பறந்துவிட்டது.

ராஜபாண்டி கருவிப் பையோடு வந்து சேரும்வரை யாரும் சாப்பிடவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டு, பெட்டியின் முன் மண்டியிட்டார். வரிசையாக ஏழு பூட்டையும் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, வரிசையாக ஆறு முகங்களைப் பார்த்தார்.

“ஐயாமாரே, வாத்தியாரு பூட்ட மட்டுந்தான் தெறக்கணுமா? இல்ல, ‘சாவி தொலஞ்சுபோச்சு, வெளிய சொல்லிராதப்பா’ன்னு ஆறு பேரும் தனித்தனியா எங் கடைக்கு வந்தீகளே, அந்த ஆறையும் சேத்தே தெறந்துறவா?”