திங்கட்கிழமை எஞ்சின்

ஏரியின் நட்டநடுவில் படகு எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. படகில் உயிரோடு மூன்று பேர். நான்காவது ஆள் சவப்பெட்டிக்குள் இருந்தார். இந்த எஞ்சினைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் அவர்தான். பெட்டியின் தலைமாட்டில் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார்.

"இன்னைக்கும் திங்கக்கிழமை, பார்த்தியாடா?" என்று படகுக்காரர் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "நாலு வருஷமா திங்கக்கிழமையானா இது நிக்குது. நீ பண்ற ரிப்பேர் ஒரு வாரம் தாண்டினதுண்டா?"

செத்தவரைத் திட்டக் கூடாதுதான். ஆனால் வயிற்றெரிச்சல் யாரை விட்டது? அக்கரை இடுகாட்டில் குழி வெட்டியவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். மணி ஐந்தே கால். நேற்று ராத்திரி தூக்கத்திலேயே போன உடம்பு, இந்த வெக்கையில் நாளை வரை தாங்காது. நாலு வருஷத்துக்கு முன் தன் மனைவி இறந்த பிறகு படகுக்காரர் வாய்விட்டுப் பேசிய ஒரே மனுஷன் இந்த மெக்கானிக்தான். அதுவும் எஞ்சின் நின்றால் மட்டும் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்பேர்ப்பட்டவனைக் கரை சேர்க்கக்கூட நமக்கு வக்கில்லையே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நகருங்கண்ணே. நான் பார்க்காத எஞ்சினா?" என்றார் மெக்கானிக்கின் மச்சான். அவர் லாரி ஓட்டுகிறவர்.

பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ள, குழாயின் நடுவில் இருந்த ரப்பர் பந்தை அமுக்கப் போனார். அது ஏற்கெனவே சப்பிப் போயிருந்தது. டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டுக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். எஞ்சின் ஓடியது!

"கைராசி!" என்றார் மச்சான்.

பத்து நிமிஷம்தான். மறுபடியும் இரண்டு இருமல்.

"ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்று அதைக் கழற்றினார். கை வழுக்கி, ஃபில்டர் ஏரிக்குள் விழுந்தது.

"போச்சா?"

"அது இல்லாமலும் ஓடும்ணே."

குழாயை நேராக எஞ்சினில் செருகினார். பட்ட காலிலேதானே படும், பழைய குழாய் நீளவாக்கில் கிழிந்தது. கட்டுவதற்குத் துணி வேண்டும். படகில் துணி என்று இருந்தது பெட்டிமேல் விரித்த வெள்ளை விரிப்பு ஒன்றுதான்.

"மன்னிச்சுக்கடா" என்று படகுக்காரர் அதன் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

கட்டிவிட்டு, குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார் மச்சான். ஒரு வாய் பெட்ரோல் வந்தது. அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சியும் கன்னம்தான் ஒட்டிக்கொண்டது. அவர் குமட்டிக்கொண்டு ஏரியில் துப்ப, காற்று படகைப் புறப்பட்ட கரைக்கே தள்ளிக்கொண்டிருந்தது. மணி ஐந்து நாற்பது.

படகுக்காரர் பெட்டிமேல் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவை எழுந்து பார்த்துட்டுப் படுத்துக்கடா! டீ வாங்கிட்டு வான்னு என்னை விரட்டுவியே, நான் திரும்பி வர்றதுக்குள்ள ஓட வச்சிடுவியே... அப்படி என்னதான்டா பண்ணுவே?"

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராக டேங்கிடம் போனார். மூடியின் உச்சியில் இருந்த சின்னக் காற்றுத் திருகை விரலால் இரண்டு சுற்று தளர்த்தினார். 'உஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. சப்பியிருந்த பந்து மெல்ல உப்பியது.

மச்சான் குழாயை எஞ்சினில் செருகிவிட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் ஓடியது.

படகுக்காரர் அந்தத் திருகையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்ணே. அண்ணி போனப்புறம் எஞ்சின் நின்னாத்தான் நீங்க எங்க வீட்டுப் படி ஏறுறீங்கன்னு, ஞாயித்துக்கிழமை தவறாம வந்து இந்தத் திருகை மூடிட்டுப் போவார். நேத்து சாயங்காலமும் மூடிட்டு வந்துதான் படுத்தார்."