ரூட்டு அண்ணனும் அந்த 'இன்'னும்

ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபிட்டர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் ஸ்பேனரே இல்லாமல் எதையும் கழற்றிப் போடக்கூடிய ஃபிட்டர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் கழற்றியது இங்கிலீஷ் வார்த்தைகளை. எங்கள் கம்பெனியில் அவருக்கு ரூட்டு அண்ணன் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

ரூட்டு என்றால் வேர். ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் ஒரு வேர் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் டிக்‌ஷனரியே வேண்டாம் என்பது அவர் கொள்கை. ஒருநாள் மத்திகிரி டவுன் பஸ்ஸில் நான் "ரூட்டண்ணா" என்று கூப்பிட, இது தெரியாத கண்டக்டர் அவரையும் பஸ் டிரைவர் என்று நினைத்துவிட்டார்.

"எந்த ரூட்டுண்ணா உங்களுக்கு?"

"பெரும்பாலும் லத்தீன்."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "அது ஜவளகிரி தாண்டியா?"

அண்ணன் படித்தது எட்டாவது. ஸ்டோர் ரூமில் கழிவுக் காகிதக் கட்டுக்குள் இங்கிலீஷ் வேர்ச்சொல் புத்தகம் ஒன்று கிடைத்ததாம். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை, கடைசியில் எத்தனை பக்கம் இல்லை என்பதும் தெரியாது. இருந்த பக்கங்களை அவர் கிரீஸ் கையோடு மனப்பாடம் செய்துவிட்டார்.

"வார்த்தைய எடுக்கறது பொண்ணு எடுக்கற மாதிரிப்பா" என்பார். முதலில் பூர்வீகம் பார்க்க வேண்டும், அதுதான் வேர். அதில் சந்தேகம் வந்தால் அக்கம்பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். அதாவது முன்னால் நிற்கிற வார்த்தை, பின்னால் நிற்கிற வார்த்தை, அடுத்த வரி. இந்த இரண்டையும் செய்தவன் ஏமாற மாட்டான்.

ஒருநாள் அவர் 'மேனுஃபேக்சர்' என்ற வார்த்தையைக் கழற்றினார். மேனு என்றால் கை, ஃபேக்ட் என்றால் செய்வது. ஆக, கையால் செய்வது. நேராக புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய், இங்கே எல்லாவற்றையும் மெஷின்தான் செய்கிறது, நாங்கள் பட்டனை அழுத்திவிட்டு நிற்கிறோம், அதனால் கேட்டில் தொங்குகிற போர்டு பொய் என்று சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் நல்லவர். போர்டு துருப்பிடிக்கும்போது பார்க்கலாம் என்றார்.

அடுத்து மாட்டியது 'சூப்பர்வைசர்'. சூப்பர் என்றால் மேலே, வைஸ் என்றால் பார்ப்பது. மேலிருந்து பார்ப்பவர். எங்கள் சூப்பர்வைசர் என் தோளுக்குத்தான் வருவார். அண்ணன் மறுநாள் பேக்கிங் மரத்தில் ஒரு ஸ்டூல் அடித்து, மரியாதையாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். கேலி செய்யும் எண்ணமே அவருக்குக் கிடையாது. வார்த்தைக்கு நியாயம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சூப்பர்வைசர் இரண்டு வாரம் எங்கள் பக்கமே திரும்பவில்லை.

இங்கிலீஷோடு நின்றாரா என்றால் இல்லை. நம் ஊரில் கன்னடமும் தெலுங்கும் கூடவே நடமாடுகின்றன அல்லவா? தமிழில் 'ப' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது என்று கண்டுபிடித்தார். பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. சூத்திரம் கையில் கிடைத்த சந்தோஷத்தில் என்னைப் பாகலூரில் ஒரு கன்னடக்காரர் கடைக்கு இழுத்துப்போய், "நாலு ஹரோட்டா" என்றார்.

"ஏனு குரு?" என்றார் கடைக்காரர், என்ன என்று.

"ஹரோட்டா."

அந்த மனிதர் உள்ளே போய் வெகுநேரம் தேடினார். பிறகு தன்னிடம் இருந்ததிலேயே அந்தப் பெயருக்கு மிக நெருக்கமானதைக் கொண்டுவந்து வைத்தார். நாலு அப்பளம். அப்பளத்துக்குக் கன்னடத்தில் ஹப்பளா. அண்ணன் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் நாலையும் சால்னாவில் முக்கிச் சாப்பிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வராது. கேன்டீனில் குழம்பு கேட்கக்கூடத் தயங்கி ரசத்தோடு எழுந்து வந்திருக்கிறேன். பேசவே ஆள் தேவைப்பட்ட அண்ணனுக்கும், பேசாமல் இருக்க இடம் தேடிய எனக்கும் ஒத்துப்போனது.

அப்போதுதான் எங்கள் பழைய லைனை மூடப்போவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குப் புது யூனிட்டில் வேலை, மீதிப் பேர் வீட்டுக்கு. ஒவ்வொருவரைப் பற்றியும் சூப்பர்வைசர் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார், நாம் கையெழுத்துப் போட்டு நாலு மணிக்குள் எச்.ஆர். மேடத்திடம் கொடுக்க வேண்டும். எனக்கு மத்திகிரியில் வாடகை வீடு. மகள் பன்னிரண்டாவது. வேறு தொழிலும் தெரியாது, வேறு கம்பெனியில் போய்க் கேட்கிற வாயும் இல்லை.

என் தாளில் இரண்டே வரி. அண்ணனிடம் நீட்டினேன். முதல் வரியில் 'இன்வேல்யூபிள்' என்று இருந்தது. அவர் விரல் அதன்மேல் நின்றது.

"இன்-னா இல்ல. வேல்யூன்னா மதிப்பு." குரல் இறங்கிவிட்டது. "மதிப்பில்லாத ஆளுன்னு எழுதியிருக்கான்ப்பா. நான் போட்ட ஸ்டூலுக்குக் கோவத்த உன்மேல காட்டிட்டான்."

நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடக் குனிந்தேன். அண்ணன் பேனாவைப் பிடுங்கினார், தாளைப் பிடுங்கினார், நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எச்.ஆர். மேடம் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, தாளை அவர் மேஜைமேல் வைத்தார்.

"இவன் மதிப்பில்லாத ஆளா மேடம்? பத்தொம்போது வருசம். இவன் தொட்ட பீஸ் ஒண்ணு திரும்பி வந்திருக்கா? இவனுக்கு மதிப்பில்லன்னா எனக்கும் இல்ல. என் பேரையும் அடிச்சிருங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேடம் தாளைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, அடுத்த வரியைப் படிச்சீங்களா?"

"அதைப் படிக்கத் தேவையில்ல."

"படிங்க."

"மஸ்ட் பி... ரீடெய்ன்ட்." கோபத்திலும் அவர் விரல் தானாகக் கழற்ற ஆரம்பித்தது. "டெய்ன்... கன்டெய்னர்ல வர்ற டெய்ன். பிடிச்சு வெக்கறது. ரீ-ன்னா..." நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். "விடாம பிடிச்சு வெச்சுக்கணும்னு எழுதியிருக்குப்பா."

"இன்வேல்யூபிள்னா வெல சொல்ல முடியாத அளவுக்கு ஒசத்தின்னு அர்த்தம்ணே" என்றார் மேடம். "நாம விலைமதிப்பில்லாததுன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி."

அண்ணன் உட்கார்ந்தார். "அப்ப வேல்யூபிள்னா?"

"அதுவும் ஒசத்திதான்."

"ரெண்டும் ஒசத்தின்னா, அந்த 'இன்' எதுக்கு மேடம் அங்க வந்து நிக்குது?"

இந்தக் கேள்வியில் பத்து நிமிடம் போனது. தவறு தன்னுடையது அல்ல, இங்கிலீஷுடையது என்று அண்ணன் நிரூபித்தார். மேடம் கடைசியில், "சரி, உங்க பேரை அடிக்கணும்னீங்களே, அடிச்சிரவா?" என்று கேட்டார்.

"அதை போஸ்ட்போன் பண்ணிக்கலாம் மேடம்" என்றார் அண்ணன்.

வெளியே வந்து தண்ணீர் டேங்க் வரை நடந்தோம். அங்கே அண்ணன் நின்றார்.

"ஏம்ப்பா, நான்தான் தப்பாப் படிச்சேன். நீ ஏன் கையெழுத்துப் போடப் போன?"

"சரியாத்தான் எழுதியிருக்காங்கன்னு நெனச்சேண்ணா."

அண்ணன் ஒரு வார்த்தை சொல்லித் திட்டினார். அசல் தர்மபுரி வார்த்தை, பத்திரிகையில் எழுத முடியாது. அதற்கு வேர் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

புது யூனிட்டில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அண்ணன் இப்போது ரிட்டையராகிவிட்டார். என் வேலை இன்னும் இருக்கிறது. அந்த எச்.ஆர். அறைக் கண்ணாடிக் கதவு முன்னால் மேனேஜர்கள்கூடத் தட்டிவிட்டுக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. எனக்காக ஒருவர் கதவைத் தட்டாமல் உள்ளே போனது அந்த ஒரு தடவைதான்.